மரத்திற்கு மரம் எத்தனை அடி?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருவழியில் களியக்காவிளையைக் கடந்ததும் கேரள எல்லை தொடங்குகிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் மாற்றி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லைக்கோட்டின் இருபுறத்தும் மண் ஒன்றே, மழை ஒன்றே, விளைகளில் நிற்கும் மரங்களும் ஒன்றே.

பாலராமபுரத்தின் பெயரை நேயர்கள் பலர் கேட்டிருப்பர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயரால் அமைந்த ஊர் அது. திவான் உம்மிணித் தம்பியின் காலத்தில் தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்கள் இங்கு அழைத்து வரப்பட்டன. அவர்களுடைய வழித்தோன்றல்கள் குழித்தறியில் நெய்யும் துணி இன்றும் புகழ் குன்றாதிருக்கிறது. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வேரூன்றியவர்களின் வரலாறு, மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம் நேயர்களுக்குப் புதியதன்று.

இவ்வூருக்கு அருகில், நெசவுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவருடைய விளையை அண்மையில் நாம் காண நேர்ந்தது. முப்பது சென்ட் நிலம். இருபது ஆண்டுகளுக்கு முன்னர், மகாராட்டிரத்தில் வேலை பார்க்கும் மகன் விடுமுறையில் வந்தபோது, ஆறடிக்கு ஒன்றாகத் தேக்கங்கன்று நட்டுவிட்டுச் சென்றான். முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட கன்றுகள். தன் மகளின் திருமணத்திற்கு அவை உதவும் என்பது அவன் கணக்கு. இன்று அம்மரங்கள் நெட்டையாக, கமுகு போல மெலிந்து நிற்கின்றன. உச்சியில் மட்டும் ஒரு பிடி இலை. மர வியாபாரி வந்து பார்த்து, கம்பு விலைதான் தர முடியும் என்று கூறிப் போய்விட்டார்.

இடையிடையே சிலவற்றை முன்பே வெட்டியிருக்கலாகாதா என்று நாம் வினவினோம். முதியவர் சொன்ன விடை இது: “ஐயா, தறியில் இழை அறுந்தாலே மனசு பொறுக்காது, எடுத்து முடிச்சுப் போடுவோம். பிள்ளை தன் கையாலே வைத்துவிட்டுப் போன மரம். நல்லா நிற்கிற மரத்தை நான் எப்படி அறுப்பேன்?”

இவ்விடையில் அன்பு இருக்கிறது. குறை காண்பதற்கு நமக்கு நா எழவில்லை. ஆயினும், அந்த அன்பே மரங்களை மெலிய வைத்தது என்பதும் உண்மை. ஆகவே, மரத்திற்கு மரம் எவ்வளவு இடம் வேண்டும் என்பதை மனிதர் எவ்வாறு கற்றனர் என்னும் வரலாற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

நம் முன்னோர் இடைவெளியை அறியாதவர் அல்லர். நெல்லுக்கு நண்டு ஓடவும், கரும்புக்கு நரி ஓடவும், வாழைக்கு வண்டி ஓடவும், தென்னைக்குத் தேர் ஓடவும் இடம் விட வேண்டும் என்பது உழவர் வாய்மொழி. ஆனால் இந்த வரிசையில் தேக்கு இல்லை. காரணம் எளிது. நெல்லும் கரும்பும் வாழையும் தென்னையும் மனிதன் நட்டவை. தேக்கோ காட்டில் தானே வளர்ந்தது. திருவிதாங்கூரில் அது அரசுக்குரிய மரம். குடிமகன் விரும்பியவாறு வெட்டுவதற்கில்லை. நடாத மரத்திற்கு இடைவெளி வகுக்க வேண்டிய தேவை யாருக்கும் எழவில்லை.

அத்தேவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. கப்பல் கட்டுவதற்குத் தேக்கை நிகர்த்த மரம் இல்லை. பம்பாய்க் கப்பல் துறைக்கென மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கு இடைவிடாது வெட்டப்பட்டது. எட்டிப் பிடிக்கக்கூடிய காடுகளில் நல்ல மரம் அருகிற்று. அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபார் மாவட்டத்தின் கலெக்டர் எச். வி. கானலி, வெட்டிய மரத்திற்கு ஈடாக மரம் நட வேண்டும் என்று 1840-ஆம் ஆண்டளவில் கம்பெனி அரசுக்கு எடுத்துரைத்தார். நெய்யாற்றின்கரைக்கு வடக்கே நெடுந்தொலைவில், சாலியாற்றங்கரையில் உள்ள நிலம்பூர் அதற்கு இடமாயிற்று.

முதல் முயற்சிகள் தோல்வியுற்றன. தேக்கின் விதையைச் சூழ்ந்த ஓடு மிகக் கடினமானது. விதைத்த விதைகள் முளைக்கவே இல்லை. பொறுப்பில் அமர்த்தப்பட்ட சாத்து மேனோன் என்னும் வனத்துறை அலுவலர், நாற்றங்காலில் விதையை முளைக்கச் செய்யும் முறையைக் கண்டு, 1844 முதல் கன்றுகளை ஆண்டுதோறும் நடலானார். சுமார் இருபது ஆண்டுகள் அவர் இப்பணியில் ஈடுபட்டிருந்தார். கானலி 1855-இல் கோழிக்கோட்டில் கொலையுண்டார். தாம் நடுவித்த மரங்கள் பருத்ததை அவர் காணவில்லை. ஆனால் உலகின் பழமையான தேக்குத் தோட்டங்களுள் ஒன்றாக நிலம்பூர் நிலைபெற்றது. திருவிதாங்கூர் அரசும் 1860-களில் கோன்னிப் பகுதியில் தேக்கு நடத் தொடங்கியது. அந்நாட்டின் வனக் காப்பாளராக இருந்த போர்டிலன் 1893-இல் திருவிதாங்கூர்க் காடுகளைப் பற்றிய விரிவான அறிக்கையையும், 1908-இல் அக்காடுகளின் மரங்களைப் பற்றிய நூலையும் வெளியிட்டார்.

நடுவதற்கு ஓர் அளவு வேண்டுமல்லவா? தேக்குத் தோட்டங்களில் பெருவழக்காக நிலைபெற்றது ஆறடிக்கு ஆறடி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ இரண்டு மீட்டர். ஆறடி வீதம் நட்டால் ஏக்கருக்கு 1,210 கன்றுகள்; ஒரு சென்டுக்குப் பன்னிரண்டு.

இனி, நிலம்பூரில் கானலியின் பெயரால் இன்றும் காக்கப்படும் பழைய தோட்டத்தை நோக்குவோம். 1846-ஐ ஒட்டி நடப்பட்ட அத்தோட்டத்தில் எஞ்சிய பகுதியின் பரப்பு சுமார் 5.7 ஏக்கர். அதில் நிற்பவை ஏறத்தாழ நூறு மரங்களே. அதாவது, ஒரு மரத்திற்கு ஐந்தரை சென்டுக்கு மேல் இடம் இருக்கிறது. நம் ஊர்ப்பக்கத்தில் ஐந்து சென்டில் ஒரு குடும்பம் வீடு கட்டிக் குடியிருக்கும். சென்டுக்குப் பன்னிரண்டு கன்று என்று தொடங்கிய வாழ்வு, ஐந்து சென்டுக்கு ஒரு மரம் என்று முடிகிறது. இவ்விரு கணக்குகளுக்கும் இடையே நிகழ்வதுதான் மரம் வளர்க்கும் கலை.

இறுதியில் நூறு மரம் போதுமெனில், தொடக்கத்திலேயே நூறு கன்று நட்டால் என்ன என்று சிலர் வினவலாம். அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. கன்றுகள் நெருங்கி நின்றால் அவற்றின் நிழல் விரைவில் நிலத்தை மூடும், களை அடங்கும். பக்கத்துக் கன்றின் நிழலால் கீழ்க்கிளைகள் இளமையிலேயே உலர்ந்து உதிரும். அடிமரம் கணுவின்றி நேராக ஓங்கும். தனித்து நிற்கும் தேக்கு கிளை பரப்பிக் குட்டையாகிவிடக்கூடும். மேலும், நட்ட கன்றுகள் யாவும் நல்ல கன்றுகள் ஆவதில்லை. ஆயிரத்துள் சிறந்த நூறைத் தேர்ந்தெடுக்க ஆயிரமும் வேண்டும். ஆகவே நெருங்க நடுவது பிழையன்று. நெருக்கத்தை உரிய காலத்தில் நீக்காமல் விடுவதே பிழை.

தறியில் பாவு நூல்களின் இடைவெளியை அச்சு என்னும் சீப்புப் போன்ற கருவி வகுத்துவிடுகிறது. ஒருமுறை வகுத்தால் துணி முடியும் வரை அதே இடைவெளிதான். மரத்தின் நிலை வேறு. நூல் பருப்பதில்லை, மரம் பருக்கிறது. ஆகவே மரத்தின் இடைவெளி அதன் வயதோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்குக் கேரளத் தேக்குத் தோட்டங்களில் உருவான ஒழுங்கு தெளிவானது. நான்காம் ஆண்டளவில் முதற் களைப்பு: மூலைவாட்டில் செல்லும் வரிசைகளுள் ஒன்றுவிட்டு ஒன்றை வெட்டி எடுப்பர். ஹெக்டேருக்கு 2,500 ஆக இருந்தவை 1,250 ஆகும். எட்டாம் ஆண்டளவில் இரண்டாம் களைப்பு: எஞ்சியவற்றுள்ளும் ஒன்றுவிட்டு ஒரு வரிசை நீங்கும். 625 மரங்கள் நிற்கும்; இடைவெளி நான்கு மீட்டர் ஆகும். இவ்விரு களைப்புகளும் வரிசைக் கணக்கைப் பார்த்துச் செய்யப்படுபவை. அதன் பின்னர், பன்னிரண்டாம் ஆண்டு, பதினெட்டாம் ஆண்டு என்று காலம் நீள நீள, ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்து, வளைந்ததையும் நோயுற்றதையும் நல்ல மரத்தை நெருக்குவதையும் நீக்குவர். ஐம்பது, அறுபது ஆண்டில் இறுதியாக வெட்டும்போது ஹெக்டேருக்கு நூறு முதல் நூற்றைம்பது மரங்களே நிற்கும். மரத்திற்கு மரம் முப்பதடி அளவு என்று கொள்ளலாம்.

நெருக்கத்தால் மரத்திற்கு நேரும் தீங்கு யாது? தேக்கு வெயிலை மிகவும் விரும்பும் மரம். அதன் உணவு இலையில் சமைக்கப்படுகிறது. முடிகள் ஒன்றோடொன்று முட்டும்போது பக்கத்து இலைகள் ஒளியிழந்து உதிர்கின்றன, முடி சுருங்குகிறது. நிலத்தடியில் வேர்களும் ஒரே நீருக்கும் ஒரே உரத்திற்கும் போட்டியிடுகின்றன. கிடைக்கும் சிறிதளவு உணவையும் மரம் முதலில் உயரத்திற்கே செலவிடுகிறது. ஏனெனில் மேலே எட்டாத மரம் நிழலில் மடியும். எஞ்சியதே அடிமரத்தைப் பருக்கச் செய்கிறது. ஆதலின் நெருக்கத்தில் வளர்ந்த மரமும் விசாலமாக வளர்ந்த மரமும் உயரத்தில் பெரிதும் வேறுபடுவதில்லை, பருமனில்தான் வேறுபடுகின்றன. பருமனில்தான் விலை இருக்கிறது. ஒரே நீளமுள்ள இரு மரங்களில் ஒன்றன் சுற்றளவு மற்றதைப் போல் இருமடங்கானால், அதன் கன அளவு நான்கு மடங்காகும். மேலும், மெலிந்த மரத்தில் வெளிவெள்ளை மிகுதி. வைரம் பாய்ந்த பகுதி குறைவு.

நெருக்கத்தின் இவ்வியல்பை அளந்தறிய உலகின் பல மூலைகளில் அறிஞர் முயன்றனர். ஜாவாத் தீவின் தேக்குத் தோட்டங்களை ஆராய்ந்த டச்சு நாட்டவர் ஹார்ட் என்பார், இடைவெளியை மரத்தின் உயரத்தோடு ஒப்பிட்டு நூற்றுவீதமாகக் கூறும் முறையை 1928-இல் வகுத்தார். மரம் உயர உயர இடைவெளியும் விரிய வேண்டும் என்பது அதன் கருத்து. அமெரிக்காவில் ரைனெக்கி என்பார் 1933-இல் மற்றொரு கணக்கைக் கண்டார்: மரங்களின் சராசரி விட்டம் இருமடங்கானால், அதே நிலம் தாங்கக்கூடிய மரங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் ஓகானர் என்பார் 1935-இல் வகுத்த திட்டப்படி, மரங்களை வெவ்வேறு நெருக்கத்தில் பல ஆண்டுகள் வளர்த்து ஒப்பிட்டனர். 1962-இல் ஆங்கிலப் புள்ளியியலறிஞர் நெல்டர், சக்கரத்தின் ஆரக்கால் போல மரங்களை நட்டு, நடுவிலிருந்து வெளியே செல்லச் செல்ல இடைவெளி பெருகும் ஓர் அமைப்பை வகுத்தார். ஒரே சக்கரத்தில் பல இடைவெளிகளை ஒருங்கே சோதிக்கலாம். அடுத்த ஆண்டே யோடா முதலிய ஜப்பானிய அறிஞர், நெருங்கி வளரும் செடிகள் பருக்கப் பருக்கத் தம்முள் சிலவற்றைத் தாமே இழக்கும் விதியை விளக்கினர்.

இந்தியாவும் பின்தங்கவில்லை. லாரி, சந்த் ராம் என்னும் இருவர் இந்தியாவிலும் பர்மாவிலும் உள்ள தேக்குத் தோட்டங்களை அளந்து, எந்த வயதில், எத்தகைய நிலத்தில், எத்தனை மரம், எவ்வளவு கனம் நிற்கும் என்று காட்டும் அட்டவணைகளை 1940-இல் வெளியிட்டனர். 1975-இல் திருச்சூருக்கு அருகே பீச்சியில் நிறுவப்பட்ட கேரள வன ஆராய்ச்சி நிலையம், பிற்காலத்தில் நிலம்பூரிலேயே தேக்கு அருங்காட்சியகம் ஒன்றையும் அமைத்தது.

இவ்வாராய்ச்சிகள் அனைத்தையும் ஒரு வாக்கியத்தில் சுருக்கலாம். ஒரு நிலம் தாங்கும் மரத்தின் மொத்த அளவு ஏறத்தாழ வரையறைக்கு உட்பட்டது. அதைப் பல மெலிந்த மரங்களாகப் பெறுவதா, சில பருத்த மரங்களாகப் பெறுவதா என்பதே மனிதனின் கையில் உள்ளது. மனிதன் தேர்ந்தெடுக்காவிடில் இயற்கை தேர்ந்தெடுக்கும். ஆனால் இயற்கை அவசரப்படுவதில்லை. அது நேரான மரத்தைக் காப்பதுமில்லை. முரடாகக் கிளை பரப்பிய மரம் வென்றுவிடலாம்.

இவ்வளவு அறிவு சேர்ந்த பின்னரும், 1990-களில் நம் நாட்டில் ஒரு விந்தை நிகழ்ந்தது. சிறு தொகை செலுத்தினால் உங்கள் பெயரில் தேக்கு வளர்ப்போம், இருபது ஆண்டில் பன்மடங்காகத் திருப்பித் தருவோம் என்று பல நிறுவனங்கள் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தன. ஊரில் நிலம் இல்லாதவர்களும், வெளி மாநிலங்களில் மாதச் சம்பளத்தில் வாழ்ந்தவர்களும் அவற்றை நம்பிப் பணம் கட்டினர். கன்றுகளின் எண்ணிக்கை பெருகினால் வருவாயும் அதே அளவு பெருகும் என்பதே அவ்விளம்பரங்களின் கணக்கு. நட்டவற்றுள் பத்தில் ஒன்பது, இறுதிக்கு முன்னரே வெட்டப்பட வேண்டியவை என்பதை எத்தனை பேர் அறிந்திருந்தனர்? பலர் பணத்தை இழந்தனர். 1999-இல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிகளை வகுத்தது.

சொந்த விளையில் மரம் நடுவோருக்கு இவ்வரலாறு தரும் பாடம் அச்சமன்று, தெளிவு. தேக்கைத் தோப்பாகத்தான் நட வேண்டும் என்பதில்லை. தஞ்சை மாவட்டத்தில் கால்வாய்க் கரைகளின் ஓரமாகத் தேக்கு வரிசையாக நிற்பதை நேயர்கள் கண்டிருப்பர். ஒற்றை வரிசையில் நிற்கும் மரத்திற்கு இருபுறத்தும் வெயில் உண்டு. வேருக்கும் இடம் உண்டு. ஆதலால் அது விரைந்து பருக்கும். சிறு நிலமுடையவர் எல்லையோரமாக நடுவது தோப்பினும் ஏற்றது. தோப்பாகவே நட்டவர் மழைக்காலத்தில் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கட்டும். முடிகளுக்கிடையே வானம் தெரிகிறதா? தெரியவில்லையெனில் காலம் வந்துவிட்டது என்று பொருள். மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கேனும் பச்சை முடி இல்லையெனில், காலம் கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

காலம் கடந்தபின் ஒரேயடியாக வெட்டுவதும் தீது. நெருக்கத்தில் மெலிந்த மரம், துணையாக நின்றவை திடீரென நீங்கினால் காற்றில் வளையும்; அடிமரத்தில் புதிய சிறு கிளைகள் வெடிக்கும். சிறிது சிறிதாகவே இடம் தர வேண்டும். சுருங்கிய முடி மீண்டும் விரிவதற்கும் ஆண்டுகள் ஆகும். மிகவும் நலிந்தது தேறாமலும் போகலாம்.

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலில் அம்மச்சிப் பிலா என்னும் பழைய பலாவின் அடிமரம் பாதுகாக்கப்படுகிறது. பகைவருக்குத் தப்பிய மார்த்தாண்டவர்மா அதன் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது செவிவழிச் செய்தி. ஓர் ஆளையே மறைக்கும் அளவிற்குப் பலா ஒன்று பருக்க வேண்டுமெனில், அதைச் சுற்றி எவ்வளவு வெளி இருந்திருக்க வேண்டும்!

பாலராமபுரத்து முதியவரிடம் இச்செய்திகளை நாம் எடுத்துரைத்தோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. அன்று மாலை மகனோடு தொலைபேசியில் பேசினார். மறுநாள் சுண்ணாம்பு கரைத்த சட்டியோடு விளைக்குள் சென்று, வெட்ட வேண்டியவற்றுக்கு வெள்ளைப் பொட்டு வைக்கலானார். நான்கில் ஒன்று என்று முடிவு செய்திருந்தார். அடுத்தது மூன்று ஆண்டு கழித்து. நேரான மரங்கள் சிலவற்றைக் கையால் தடவிப் பார்த்து, “இது அவன் வரும்போது நிற்கட்டும்” என்றார். பேத்தியின் திருமணத்திற்கு அவை முழு விலை தாரா என்பதை அவர் அறிவார். கொள்ளுப்பேரன் வீட்டு வாயிலுக்கு நிலை ஆகலாம்.

முன்னோரின் வாய்மொழியில் இல்லாத தேக்கிற்கு நாமும் ஓர் அளவு சொல்லி முடிப்போம். கன்றாயிருக்கையில் ஆள் நடக்க இடம் போதும். எட்டு வயதில் வண்டி ஓட இடம் விடுக. ஐம்பது வயதில் தேர் ஓட இடம் இருக்கட்டும். ஊரில் தேக்கு நட்டுவிட்டு வெளி மாநிலத்தில் வாழும் நேயர்கள், அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தம் விளையில் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்களாக. அங்கே பெரியவர் ஒருவர் அரிவாளை எடுக்க மனமின்றி, உங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கக்கூடும்.